மூன்று தரம் கூப்பிடுகிறவர்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. அந்த வருடம் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தது. சூரியனின்படி பத்து ஐம்பது. காற்று இல்லை, மேகம் இல்லை. உட்துறைமுகத்துத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்து கிடந்ததால் அலைகூட எழவில்லை.

அந்த நேரத்தில் ஒரு மனிதர் பூட்டிய மருந்துக்கடை ஒன்றின் முன் நின்று, "வீட்டுக்காரர், உள்ளுக்கு வரலாமோ?" என்று கூப்பிட்டார்.

உள்ளே ஒருவரும் இல்லை. பதின்மூன்று நாளுக்கு முன், திருகோணமலையில் குண்டு விழுந்த அன்றே, கடைக்குப் பின்கட்டில் குடியிருந்த மருந்துக்கடைக்காரர் பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். அது கூப்பிட்டவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருபதுவரை எண்ணிக் காத்திருந்தார். பிறகு இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

அவர் பொலிஸ் சார்ஜன். யுத்தத்துக்கென்று அவசரமாகச் சேர்த்த எங்கள் பதினான்கு பேருக்குச் சட்டம் படிப்பித்தவர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்டு அவரிடம் பதில் வாங்க இனி வழியில்லை. பதில் வாங்காமல் செய்கிற எதுவும் அவருக்குப் பிடிக்காது.

வகுப்பு, கடற்கரை வீதியில் கொப்பரா அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கியில் நடந்தது. வாங்கு ஏழு, கதிரை ஒன்று, கரும்பலகை இல்லை. சட்டைப் பையில் கடதாசியில் சுற்றிய சோக்குக் கட்டி ஒன்று வைத்திருப்பார். காலையில் வந்ததும் சீமெந்துத் தரையில் குறுக்காக ஒரு கோடு போடுவார். அதுதான் வாசற்படி. கோட்டுக்கு அங்கால் வீடு, இங்கால் தெரு. ஒவ்வொருவராக அதைக் கடக்கவேண்டும்.

"என்ன நினைச்சுக் கடந்தனீர்?" என்று கேட்பார்.

"ஒண்டும் நினைக்கேல்லை ஐயா."

"ஒண்டும் நினையாமல் ஆரின்ரையும் வீட்டுக்குள்ளை போறவர் குடிச்சிருக்கவேணும், இல்லாட்டி பொலிஸ்காரனா இருக்கவேணும். திரும்பிப் போய்க் கடவும்."

அவர் படிப்பித்த சட்டப் புத்தகம் இங்கிலிஷில் இருந்தது. விளக்கம் தமிழில். அத்துமீறலுக்கும் களவுக்கும் கொள்ளைக்கும் துவக்குக்கும் சேர்த்து அவரிடம் ஒரே ஒரு மாமரம்தான் இருந்தது. "வேலிக்கு வெளியாலை நிண்டு மாங்காய் பிடுங்கினால் களவு. அதுக்கெண்டு வேலி கடந்தால் அத்துமீறலும் சேரும். வீட்டுக்காரனுக்குக் கத்தியைக் காட்டிப் பிடுங்கினால் கொள்ளை. துவக்கைக் காட்டினால்..." இந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார். "அதுக்குப் பிறகு மாங்காயைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம். துவக்கைப் பற்றித்தான் கேப்பினம்."

சல்லி என்ற கடலோர ஊரிலிருந்து வந்த கதிர்காமு எழுந்து, "எங்கடை ஊரிலை மாமரமே இல்லை ஐயா, முழுக்க மணல்" என்றான்.

"அப்ப காயப்போட்ட கருவாட்டை வைச்சு யோசியும். சட்டம் ஒண்டுதான், மணம்தான் வேறை."

பாடம் முடிந்ததும் நடிப்பு. ஒருவன் கள்ளன், ஒருவன் பொலிஸ்காரன், ஒருவன் வீட்டுக்காரன். கதிர்காமுவின் தோளைப் பார்த்து அவனை எப்போதும் கள்ளன் ஆக்கினார். எனக்கு வீட்டுக்காரன் வேடம். குரல் மெல்லிசு என்பதால் இருக்கலாம். பொலிஸ்காரனாக நடிப்பவன் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று தரம் கூப்பிடவேண்டும். ஒவ்வொரு தரமும் இருபது எண்ணவேண்டும். நான் "ஓம், வாங்கோ" என்றால் வரலாம். பேசாமல் இருந்தால் திரும்பவேண்டும், அல்லது நீதவானிடம் போய்ப் பிடியாணை எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஐந்து மாதத்தில் நூற்றுப் பதினொரு தரம் "ஓம், வாங்கோ" சொல்லியிருக்கிறேன். அப்பியாசக் கொப்பியின் பின்மட்டையில் கோடு கீறி வைத்திருந்தேன்.

சட்டம் அவ்வளவு கேட்கவில்லை. களவு போகிறபோதும் கொலை நடக்கிறபோதும் பொலிஸ்காரன் கூப்பிட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்பது அவருக்கே தெரியும்; அதையும் படிப்பித்தார். ஆனால் அவர் கூப்பிடுவார். கள்ளச் சாராயம் பிடிக்கப் போன ஒரு வீட்டில் இவர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர்கள் போத்தலை முடித்துவிட்டுப் பின் வேலியால் போனார்கள். இன்ஸ்பெக்டர் எங்கள் முன்னாலேயே ஏசினார். "ஓடினவங்கள் நாளைக்கும் ஓடுவாங்கள் ஐயா, பிடிக்கலாம்" என்றார் இவர். "கேக்காமல் உள்ளிட்ட வீட்டிலை பிறகு ஒரு நாளும் கேட்டுப் போகேலாது."

தன் வீட்டுப் படலையிலும் கூப்பிடுவார். சம்பளக் கடதாசியில் கையெழுத்து வாங்க நான் ஒரு தரம் அவரோடு போனபோது, உள்ளேயிருந்து அவர் மனைவி, "வாங்கோ, வாங்கோ. இந்த மனிசனைக் கட்டிப் பதினாறு வரியம். இன்னும் தன்ரை வீட்டுக்குப் பிடியாணையோடைதான் வாறார்" என்றார். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "வேலைக்குச் சேர்ந்த புதிசிலை ஒரு வீட்டுக்குள்ளை கேக்காமல் போனனான். அங்கை கண்டதை இன்னும் காணுறன்." என்ன கண்டார் என்று சொல்லவில்லை.

குண்டு விழுந்த பிறகு ஊரே வெறும் படலைகளாயிற்று. சீனக்குடாப் பக்கத்தில் எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் முப்பத்தொரு வீடு. இருபத்தாறு பூட்டிக் கிடந்தன. கோட்டையில் நின்ற புள்ளிமான்கள் தெருவுக்கு வந்து, ஆளில்லா வளவுகளில் பூச்செடிகளைத் தின்றன. "மானுக்கு அத்துமீறல் சட்டம் இல்லை" என்று கதிர்காமு சொன்னான். "மனிசருக்கு இருக்கு" என்றார் சார்ஜன். பூட்டுடைத்துச் சாமான் எடுக்கிறவர்களைப் பிடிப்பதுதான் அப்போது எங்கள் வேலை. பதினான்கு பேரில் ஐந்து பேர் தாங்களே ஊரை விட்டு ஓடிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது. துவக்கு அவரிடம் மட்டும். பயிலுனர் கையில் துவக்குக் கொடுக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் அக்கா காய்ச்சலாய்க் கிடந்தாள்.

அம்மா மற்றவர்களோடு மாட்டு வண்டியில் திரியாய் ஊருக்குப் போய்விட்டா. அக்காவை ஏற்ற முடியவில்லை; நான் நின்றேன். மலேரியா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம், பிறகு நாளாந்தம். ஞாயிற்றுக்கிழமை என்னை "அப்பா" என்று கூப்பிட்டாள். அப்பா செத்து ஆறு வருடம். கொயினாக் குளிசை வேண்டும். அரசாங்க மருந்துச்சாலையில் முடிந்துவிட்டது; யாவா யப்பானிடம் விழுந்த பிறகு கொயினா வருவதே நின்றுவிட்டது என்றார்கள். ஒன்பது இடத்தில் கேட்டேன். பத்தாவது இடம் அந்தப் பூட்டிய மருந்துக்கடை. கதவுப் பலகை இடுக்கால் பார்த்தால் கண்ணாடி அலுமாரி தெரியும். இரண்டாம் தட்டில் மண்ணிற மூடி போட்ட கொயினாப் போத்தல் மூன்று. எனக்கு அந்த அலுமாரியை நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சார்ஜனிடம் சொன்னேன். அவர் உடனே வந்தார். கடை வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். அறுபது எண்ணி முடிந்தது.

"பதில் வரேல்லை, தம்பி. பிடியாணை எடுக்க நீதவானும் ஊரிலை இல்லை."

"ஐயா, அக்கா தப்பமாட்டா."

"விளங்குது."

"உயிரைக் காப்பாத்திறதுக்கெண்டு செய்தால் சட்டத்திலை விலக்கு இருக்கெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

"இருக்கு. அது நீதவானுக்கு முன்னாலை சொல்லுற கதை. படலைக்கு முன்னாலை சொல்லத் தொடங்கினால் ஊரிலை ஒவ்வொருத்தருக்கும் வீட்டிலை ஒரு ஆள் சாகக் கிடக்கும். நேற்றுப் பிடிச்சமே அரிசிக் கடையை உடைச்சவன், அவனும் பிள்ளை பட்டினி எண்டுதான் சொன்னவன். பொய் சொல்லேல்லை."

அவர் அன்று எனக்குத் தன் வீட்டிலிருந்து, அவித்துக் குடிக்கக் கொத்தமல்லியும் ஒரு துண்டு வேர்க்கொம்பும் தந்துவிட்டார். வாங்கிக்கொண்டு போனேன். அவரை வெறுத்த அளவு நான் ஒருவரையும் வெறுத்ததில்லை. இரவு அக்காவின் பல் அடித்துக்கொள்கிற சத்தத்தை எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.

புதன்கிழமை காலை அவரிடம் போய், "இண்டைக்கு ஒருக்கால் கூப்பிட்டுப் பாருங்கோ ஐயா. கடைக்காரர் வந்திருப்பார்" என்றேன்.

தொப்பியை எடுத்து மாட்டினார். "சரி. கூப்பிடுறதைச் சட்டம் தடுக்கேல்லை."

அவரும் கதிர்காமுவும் நானுமாகப் போனோம். சந்தியில், சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினேன். அவர் கடை வாசலை அடைந்தபோது நான் பின் ஒழுங்கையில் இருந்தேன். முதலாம் தரம் கூப்பிடும்போது மதிலில் ஏறினேன். மேலே போத்தல் ஓடு பதித்திருந்தது, உள்ளங்கை கிழிந்தது. இரண்டாம் தரம் கூப்பிடும்போது வளவுக்குள் குதித்தேன். இருபது எண்ணுவார் என்று தெரியும், ஆகவே அவசரப்படவில்லை. குசினி வாசலுக்கு வந்து, முன்பக்கம் பார்த்து நின்றேன். மூன்றாம் தரம் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர், உள்ளுக்கு வரலாமோ?"

பன்னிரண்டு வரை எண்ணினேன். பிறகு சொன்னேன். "ஓம்... வாங்கோ."

நூற்றுப் பன்னிரண்டாவது தரம்.

மதில் ஏறி, ஒழுங்கை சுற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். என் காற்சட்டை முழங்காலில் சுண்ணாம்பு. கையில் சுற்றிய லேஞ்சியில் ரத்தம். அவர் இரண்டையும் பார்த்தார். கதிர்காமு ஆகாயத்தைப் பார்த்தான்.

"வீட்டுக்காரர் இருக்கிறார்" என்றார் சார்ஜன். "வரச் சொல்லிப்போட்டார். ஆனால் கதவைத் திறக்க ஏலாமல் கிடக்கிறார் போலை. கொண்டியைக் கழட்டும், கதிர்காமு."

கதிர்காமு சைக்கிள் திருத்துகிற இரும்பால் நெம்பினான். பலகை பிளந்து கொண்டி கையோடு வந்தது. வாசற்படியில் சார்ஜன் தயங்கினார். துவக்கைத் தெருவில் வைத்துவிட்டுப் போவது குற்றம். எங்கள் கையில் கொடுப்பது குற்றம். துவக்கோடு இன்னொருவர் வீட்டுக்குள் போனால் என்னவென்று மாமரத்தை வைத்து அவர்தான் படிப்பித்தார். மூன்றையும் நிறுத்துப் பார்த்திருக்கவேண்டும். துவக்கைத் தோளில் குழல் கீழே பார்க்கக் கொளுவிக்கொண்டு படி கடந்தார்.

உள்ளே வேறொன்றையும் தொடவில்லை. இருபத்துநாலு குளிசை எண்ணி எடுத்தார். என்னையும் எண்ணச் சொன்னார். இரண்டு ரூபா நாற்பது சதத்தை மேசையில் வைத்தார். கடைக்காரரின் கடதாசியிலேயே எழுதினார்: இன்ன திகதி, இன்ன நேரம், மூன்று தரம் கூப்பிட்டேன், பதில் வந்தது, கொண்டியைக் கழற்றி உள்ளே வந்தேன், கையில் துவக்கு இருந்தது, அதன் இலக்கம் இது, கொயினா இருபத்துநாலு எடுத்தேன், விலை வைத்திருக்கிறேன். அடியில் பெயரும் தன் பொலிஸ் இலக்கமும். எங்கள் இரண்டு பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடதாசியை மைக்கூட்டின் கீழ் வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைக் கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

குளிசைப் பொட்டலத்தை என் கையில் தந்தபோதுதான் சொன்னார். "குரல் நல்லா இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் 'வாங்கோ' எண்டு சொல்லேக்கை அழமாட்டார்."

வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை கஞ்சி கேட்டாள். "மருந்து ஆர் தந்தது?" என்றாள். சார்ஜன் ஐயா என்றேன். "அந்த மனிசனுக்கு ஒரு நாளைக்கு இருத்திச் சோறு போடவேணும்" என்றாள். பிறகு எத்தனையோ தரம் சொன்னாள். அவர் ஒரு நாளும் வரவில்லை. நான் ஒரு நாளும் கூப்பிடவில்லை.

கயிறு இரண்டு நாள் தாங்கியது. கடைக்குக் காவல் வேண்டுமென்று அவர் ஸ்டேசனில் கேட்டார், ஆள் இல்லை. யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள், பிறகு இன்னும் யாரோ. அலுமாரிக் கண்ணாடி, தராசு, மேசை லாச்சி, அவர் வைத்த காசு எல்லாம் போயின. மைக்கூடும் போனது. கடதாசியை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

யூலையில் கடைக்காரர் திரும்பி வந்தார். வெறும் கடையில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு பொலிஸ்காரன் கையெழுத்துப் போட்ட கடதாசி. அவரை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

ஓகஸ்டில் சார்ஜன்மேல் வழக்கு. நான் இரண்டாம் வாங்கில், கதிர்காமுவுக்குப் பக்கத்தில். அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஒன்பது பேருக்கும் சத்தியப்பிரமாணம். நீதவான் முதலில் துவக்கைப் பற்றிக் கேட்டார். ஏன் கொண்டுபோனாய், எத்தனை தோட்டா இருந்தது, யாரையாவது பயமுறுத்தினாயா. துவக்கைப் பற்றி மட்டும் பதினேழு கேள்வி. அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து பதில் சொன்னது யார் என்று கேட்டார்.

"குரல் கேட்டது. ஆளைக் காணேல்லை" என்றார் சார்ஜன்.

"கொயினா யாருக்கு? யாருக்கு உயிராபத்து? அதைச் சொன்னால் உனக்கு விலக்குக் கிடைக்கலாம்."

அவர் பேசவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் நான் எழும்பியிருப்பேன் என்று நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

கதிர்காமு முழங்கையால் இடித்தான். "வகுப்பிலை நான்தானே கள்ளன். நீ வீட்டுக்காரன். எழும்பிச் சொல்லு, வீட்டுக்காரா."

நான் எண்ணினேன். அவ்வளவுதான் செய்தேன். அம்மா, அக்கா, திங்கட்கிழமை. மூன்று காரணம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்ணியிருப்பேன். ஒன்பதில் நீதவான் பேனாவை எடுத்துவிட்டார்.

வெளியே வந்தபோது சார்ஜன் என் பக்கமாகத்தான் நடந்து போனார். "அக்கா எப்படி?" என்றார். சுகம் என்றேன். "நல்லது" என்றார். கதிர்காமு அன்றைக்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை சத்தியப்பிரமாணத்துக்கு எட்டுப் பேர்தான் வந்தோம்.

ஒன்பது வருடம் கழித்து, அவர் வெருகல் பக்கத்தில் தன் ஊரில் தோட்டம் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். அப்போது நானும் சார்ஜன். மூதூருக்கு லோஞ்சில் போய், அங்கிருந்து வண்டியில் போய், விசாரித்து விசாரித்து அவருடைய வளவைப் பிடித்தேன். சட்டைக்குள் காசு இருந்தது. படலையிலிருந்து முப்பது காலடி தூரத்தில் வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு இருந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் முன்பு போலவே சற்றுப் புறம் தள்ளியிருந்தன.

"வீட்டுக்காரர், உள்ளுக்கு வரலாமோ?"

நிமிர்ந்தார். என்னைக் கண்டார். அடையாளம் கண்டார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கையிலிருந்த பயற்றங்காயை உடைத்து முடித்து, தோலை ஒரு பக்கம் போட்டார். நான் இருபது எண்ணினேன். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். அவர் மனைவி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டேன். படலைக்குப் பூட்டு இல்லை. ஒரு தும்புக் கயிற்று வளையம், அவ்வளவுதான். ஒரு விரலால் தூக்கலாம். அறுபது எண்ணி முடிந்தது.

பதில் வராத வீட்டுக்குள் போகக்கூடாது என்று எனக்கு அவர்தான் படிப்பித்தார். திரும்பி நடந்தேன்.

ஊருக்கு வந்து கணக்குப் போட்டேன். நீதிமன்றம் விதித்த தண்டம் ஐம்பது ரூபா. கடைக்காரருக்கு நட்டஈடு முந்நூற்று எண்பத்தாறு. மேசையில் வைத்த இரண்டு ரூபா நாற்பது சதம். மொத்தம் நானூற்று முப்பத்தெட்டு ரூபா நாற்பது சதம். அதுதவிர, வேலையிலிருந்து நீக்கியதில் அவர் இழந்த பத்தொன்பது வருடச் சேவையும் ஓய்வூதியமும். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்த தொகையை ஐந்து மணியோடர்களாகப் பிரித்து அனுப்பினேன். அவர் வாங்க மறுத்து ஐந்தும் மூன்று கிழமையில் திரும்பி வந்தன. தபால் கந்தோரில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு காசை முழுதாகத் திருப்பித் தந்தார்கள். அனுப்பிய கட்டணத்தை மட்டும் திருப்புவதில்லையாம்.

எல்லாம் சேர்த்து எனக்குச் செலவானது இரண்டு ரூபா இருபது சதம்.